ஒருநாள் கதையா, ஆயிரம் நாள் கதையா? சீரியல் பார்ப்பவர்களும் எழுத நினைப்பவர்களும் கேட்கும் கேள்விகள்

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் ஊர். (ஆந்திராவில் இருக்கும் சித்தூர் வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.) வீட்டுப் பேச்சு தமிழ், பஸ் போர்டு மலையாளம், கேபிளில் இரண்டும் வரும். ஊர் நூலகத்தில் சின்னத்திரைக்கு எழுத ஆசைப்படும் பிள்ளைகளோடு அவ்வப்போது உட்கார்ந்து பேசுவது வழக்கம். பிள்ளைகளைக் கூட்டிப்போக வரும் பெரியவர்களும் நடுவில் புகுந்து கேள்வி கேட்பார்கள். அடிக்கடி வரும் கேள்விகளை இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

ஒருநாள் கதைக்கும் தொடர்கதைக்கும் என்ன வித்தியாசம்?

செவ்வாய்க்கிழமை கரண்ட் போய்விட்டது, அன்றைய எபிசோட் போச்சு. புதன்கிழமை உட்கார்ந்தால் கதை புரிகிறதா? புரிந்தால் ஒருநாள் கதை. பக்கத்து வீட்டில் போய்க் கேட்க வேண்டியிருந்தால் தொடர்கதை. 1980களில் தூர்தர்ஷனில் வந்த ‘மால்குடி டேஸ்’ தொடரில் பல கதைகள் அன்றைக்கே தொடங்கி அன்றைக்கே முடிந்தன. ‘கோலங்கள்’ 2003 முதல் 2009 வரை 1,500 எபிசோடுகளுக்கு மேல் ஓடியது. நாயகி அபிக்கும் வில்லன் ஆதிக்கும் என்ன பகை என்று தெரியாமல் நடுவில் புகுந்தவருக்கு அவர்கள் ஏன் முறைத்துக்கொள்கிறார்கள் என்றே விளங்காது.

ஆனால் மெகா தொடரை ஒரு மாதம் விட்டுவிட்டுப் பார்த்தாலும் புரிகிறதே?

புரியும். எனக்கு அதுதான் குறை. தொடர்கதை என்றால் கதை நகர வேண்டும், ஒருநாள் கதை என்றால் அன்றைக்கு ஏதாவது முடிய வேண்டும். பல மெகா தொடர்களில் இரண்டும் நடப்பதில்லை.

அரை மணி நேர ஸ்லாட்டில் விளம்பரம் போக இருபது, இருபத்திரண்டு நிமிடம் மிஞ்சும். அதில் நேற்று நடந்ததற்கு இரண்டு நிமிடம். பிறகு ஒருத்தி கையில் ஒரு கடிதம். அதைப் பிரிக்கப் போகும்போது மாமியார் முகம், நாத்தனார் முகம், கொழுந்தன் முகம், ஒவ்வொன்றும் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் அதே ‘டங்’ சத்தம். விளம்பரம். திரும்பி வந்தால் கடிதம் இன்னும் கையில்தான் இருக்கிறது. பிரிக்கும்போது ஃப்ரீஸ், ‘தொடரும்’. இதை நீளக் கதை என்று திட்டுகிறோம். நீளத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்த இருபது நிமிடத்துக்கென்று ஒரு வேலையே கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

2002 முதல் 2005 வரை வந்த ‘மெட்டி ஒலி’யை 2020 ஊரடங்கில் சன் டிவி மறுபடியும் போட்டபோது, கதை முழுக்கத் தெரிந்தவர்களும் உட்கார்ந்து பார்த்தார்கள். ஒரு அப்பாவுக்கு ஐந்து பெண்கள், அதனால் ஐந்து புகுந்த வீடுகள். இன்றைக்கு ஒரு மகள் வீட்டுச் சிக்கல் என்றால் நாளைக்கு இன்னொருத்தி வீடு. அந்த அடுக்கு இருந்ததால் அன்றன்றைக்குச் சொல்ல ஏதாவது இருந்துகொண்டே இருந்தது.

சரி, ஏன் இழுக்கிறார்கள்? எழுதத் தெரியாதா?

தெரியும். காசு கணக்கு வேறு மாதிரி.

ஒரு தொடரைத் தொடங்கத்தான் செலவும் பயமும் அதிகம். செட், டைட்டில் பாட்டு, ப்ரோமோ எல்லாம் போட்டு அந்த நேரத்துக்கு ஜனங்களைப் பழக்க வேண்டும். பழகிய பிறகு நிறுத்தினால் புதிதாக வருவது அதே கூட்டத்தைப் பிடிக்கும் என்று யாரும் உறுதி சொல்ல மாட்டார்கள். தமிழில் ஒரு காலத்தில் தயாரிப்பாளரே சேனலிடம் ஸ்லாட்டை விலைக்கு எடுத்து, விளம்பர நேரத்தை விற்றுப் பணம் பார்க்கும் முறை இருந்தது. ஓடுகிற தொடரைத் தன் கையாலேயே முடிக்க யாருக்கு மனசு வரும்? இன்றைக்கு வாரா வாரம் வியாழக்கிழமை வரும் டிஆர்பி, அதாவது எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கு, அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. எண் ஏறினால் அந்த ட்ராக்கை இன்னும் கொஞ்சம் ஓட்டு என்பார்கள், இறங்கினால் மாற்று என்பார்கள்.

அப்புறம், தினசரி என்பதே ஒரு சுமை. வாரத்துக்கு ஆறு எபிசோட் கொடுக்கும் எழுத்தாளருக்கு யோசிக்க நேரம் கிடையாது. கையில் பேங்க் குறைந்துவிட்டால், அதாவது முன்கூட்டியே எடுத்து வைத்த எபிசோட் தீர்ந்துவிட்டால், இன்று எடுப்பது நாளையோ மறுநாளோ ஒளிபரப்பாகிவிடும். ஹாலில் ஏழு பேரை நிற்க வைத்து முகங்களை மாற்றி மாற்றி எடுப்பதுதான் அப்போது சீக்கிரம் முடிகிற வேலை.

இதில் உச்சம் ‘பாரதி கண்ணம்மா’. கதாநாயகன் டாக்டர். குழந்தை தன்னுடையதா என்று அவருக்குச் சந்தேகம். ஒரு டி.என்.ஏ. டெஸ்ட் எடுத்தால் தீர்ந்தது. வருஷக்கணக்கில் எடுக்கவில்லை. மீம் போட்டே தமிழ்நாடு களைத்துப் போனது. எடுத்தால் தொடர் முடிந்துவிடும் என்பது வீட்டில் பார்த்துக்கொண்டிருந்த எல்லோருக்கும் தெரியும், அந்த டாக்டருக்கு மட்டும்தான் தெரியாது. ஒரே ஒரு கேள்வியை நம்பிக் கதையைக் கட்டினால் இந்த நிலைதான். பதிலைச் சொன்னால் கதை இல்லை, சொல்லாவிட்டால் மானம் இல்லை.

தமிழில் எல்லாம் நீளக் கதை, மலையாளத்தில் தினம் ஒரு கதை. ஏன் இப்படி?

எங்கள் பக்கம் அதிகம் கேட்கப்படுவது இதுதான். ஆனால் கேள்வி பாதிதான் சரி. மலையாளத்திலும் கண்ணீர்த் தொடர்கள் ஏராளம். ஏஷியாநெட்டின் ‘பரஸ்பரம்’ 2013 முதல் 2018 வரை ஓடியது. அதன் முடிவைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

ஆனால் மலையாளச் சேனல்களில் அந்தத் தொடர்களுக்குப் பக்கத்திலேயே ஒருநாள் கதைக்கும் ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கிறார்கள். அதை மறுக்க முடியாது. மழவில் மனோரமாவில் 2011இல் தொடங்கிய ‘மறிமாயம்’ அரசு அலுவலகங்களைக் கிண்டல் செய்வது. ஒரு சான்றிதழுக்கு ஒரு ஆள் படும் பாடு, அது அன்றைக்கே முடியும். அதே சேனலில் ‘தட்டீம் முட்டீம்’. 2015 கடைசியில் ஃப்ளவர்ஸ் டிவியில் வந்த ‘உப்பும் முளகும்’ ஒரு வீடு, அப்பா அம்மா, ஒரு கூட்டம் பிள்ளைகள், அவ்வளவுதான். அதுவும் ஆயிரம் எபிசோடுகளைத் தாண்டியது! அப்பா எதையோ உடைத்துவிட்டு மறைக்கப் பார்ப்பார், பிள்ளைகள் கண்டுபிடிப்பார்கள், முடிந்தது. ஆயிரம் நாள் ஓட ஒரு பழியும் ஒரு சதியும் வேண்டும் என்ற வாதம் இங்கே அடிபட்டுப் போகிறது.

காரணம் என்ன? என் கணிப்பைச் சொல்கிறேன். கேரளத்தில் மிமிக்ரி மேடைகளும் ஸ்கிட்டும் ஊறிப்போன பழக்கம். பத்து நிமிடத்தில் ஒரு சின்ன விஷயத்தைத் தொடங்கிச் சிரிக்கவைத்து முடிக்கத் தெரிந்த நடிகர்கள் அங்கே நிறைய. இன்னொன்று வளைகுடா. ஷிஃப்ட் முடித்து அறைக்கு வருகிறவர் யூடியூபில் ஏதோ ஒரு எபிசோடைத் திறக்கிறார். முன்கதை கேட்காத எபிசோட்தான் அவருக்குத் தோது.

தமிழுக்கும் இது தெரியாத வித்தை இல்லை. சென்னைத் தூர்தர்ஷனின் செவ்வாய்க்கிழமை நாடகம் ஞாபகம் இருக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அன்றிரவே சுபம் போட்டுவிடுவார்கள். பிறகு பதின்மூன்று வாரத் தொடர்கள். சன் டிவி 1993இல் வந்தது. 1999இல் ‘சித்தி’ தொடங்கி வாரநாள் இரவுகளைப் பிடித்த பிறகு மற்றதெல்லாம் ஓரம் போயிற்று. ஒரு தொடர் அத்தனை பெரிய வெற்றி பெற்றால் எல்லோரும் அதையே எடுப்பார்கள். அது தமிழர் சுபாவம் என்று சொல்ல மாட்டேன், வியாபாரச் சுபாவம்.

ஒரே கதையை இரண்டு மொழியிலும் பார்க்கிறோம். பைத்தியமா எங்களுக்கு?

இல்லை. விஜய் டிவியில் 2018இல் தொடங்கிய ‘பாண்டியன் ஸ்டோர்ஸ்’ 2020இல் ஏஷியாநெட்டில் ‘சாந்த்வனம்’ ஆனது. தெலுங்கிலும் எடுத்தார்கள். ‘பாரதி கண்ணம்மா’ எதிர்ப்பக்கம் போனது: மூலம் மலையாளத்தின் ‘கறுத்தமுத்து’, அதுவே தெலுங்கில் ‘கார்த்திக தீபம்’. எல்லைக்கு அந்தப்பக்கம் என்ன நடக்கும் என்று இந்தப்பக்கத்து ஆட்களுக்கு முன்னாலேயே தெரியும்.

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் மாமியார் தமிழ்த் தொடரை முடித்தவர், மருமகள் மலையாளத்தில் பார்க்கிறவர். “ஏனுங்கத்தை, அடுத்து என்ன ஆகும்னு சொல்லிராதீங்க” என்று மருமகள் கெஞ்சுவாள். “நா எதுக்கு அம்மிணி சொல்றேன்?” என்று சொல்லிவிட்டு, அழுகிற சீன் வருவதற்கு ஒரு நிமிடம் முன்னாலேயே அத்தை முந்தானையை எடுத்துக் கையில் வைத்துக்கொள்வார். அதைப் பார்த்தே இவள் கண்டுபிடித்துவிடுவாள்.

எழுத நினைக்கிறவர்கள் கவனிக்க வேண்டியது அந்த அத்தையைத்தான். அடுத்தது என்ன என்று அவருக்குத் தெரியும், பிறகும் உட்கார்கிறார். அண்ணன் தம்பிகள் ஒரு கடை, ஒரு சமையலறை என்று இருக்கிற இடத்தில், யார் தட்டில் யார் பரிமாறுகிறார், எந்த ஓரகத்தி எதைக் கேட்டும் கேட்காதமாதிரி போகிறாள் என்பதற்காக உட்கார்கிறார். அது அன்றன்றைக்கான சங்கதி. கதை தெரிந்துபோன பிறகும் பார்க்கவைக்கிறது என்றால் அந்த எபிசோடில் சரக்கு இருக்கிறது.

இரண்டுக்கும் நடுவில் வகை ஏதாவது உண்டா?

நமக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கமான வகை. வேதாளம் சொல்லும் ஒவ்வொரு கதையும் தனி. விக்கிரமன் முருங்கை மரத்துக்குத் திரும்பத் திரும்பப் போவது தொடர். 1980களில் இந்தியிலும் அதைத் தொலைக்காட்சித் தொடராக எடுத்தார்கள். அமெரிக்காவில் 1993இல் தொடங்கிய ‘எக்ஸ் ஃபைல்ஸ்’ இதையே வேறு மாதிரிச் செய்தது: பல வாரங்கள் அன்றைக்கு ஒரு பூதம், சில வாரங்கள் மட்டும் வேற்றுக்கிரகச் சதி பற்றிய பெரிய கதை. எனக்குக் கேட்டால் அந்தப் பெரிய கதைதான் போகப்போகச் சிடுக்காகிப் போனது, பூதக் கதைகள் இன்றும் நிற்கின்றன.

இன்னொரு வகை, ஒரு பெயரின் கீழ் தனித்தனி நீளக் கதைகள். கே. பாலசந்தரின் மின் பிம்பங்கள் தயாரிப்பில், இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்கிய ‘மர்மதேசம்’ அப்படி வந்தது. ‘ரகசியம்’ ஒரு கதை, ‘விடாது கருப்பு’ வேறு ஊர், வேறு ஆட்கள், வேறு கதை. ஒவ்வொன்றுக்கும் ஒரு முடிவு உண்டு. வாரம் ஒருமுறை வந்ததால் ஏழு நாளும் ஊரே ஆளுக்கொரு யூகம் சொல்லிக்கொண்டிருந்தது. கருப்புசாமி குதிரையில் வரும் எபிசோடுக்கு அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில் பாடம் நடந்தமாதிரியே இருக்காது.

இது டிவிக்காரர்கள் கண்டுபிடித்ததா?

பத்திரிகைக்காரர்கள் கண்டுபிடித்தது. 1891இல் ‘ஸ்ட்ராண்ட்’ மாத இதழில் ஷெர்லக் ஹோம்ஸ் சிறுகதைகளைத் தொடங்கியபோது கோனன் டாயில் போட்ட கணக்கு இது: தொடர்கதையில் ஒரு இதழ் தவறினால் வாசகர் விட்டுவிடுவார். ஆகவே ஆள் ஒருவராகவே இருக்கட்டும், கதை அந்தந்த இதழில் முடியட்டும். நம் கல்கி எதிர்ப்பக்கம் போனார். ‘பொன்னியின் செல்வன்’ 1950இலிருந்து 1954 வரை வாரா வாரம் வந்தது. வாசகர் ஒரு இதழையும் தவறவிடக் கூடாது என்பதுதான் அங்கே கணக்கு.

எங்கள் கோயில் தோல்பாவைக்கூத்து இதில் எந்த வகை?

நல்ல கேள்வி. கேட்டவன் ஒன்பதாம் வகுப்புப் பையன். பாலக்காட்டுப் பக்கத்துப் பகவதி கோயில்களில் கூத்துமாடத்தில் இருபத்தொரு விளக்கு வரிசையாக எரிய, நாற்பத்திரண்டு அடித் திரையில் நடக்கும் இந்தக் கூத்துக்குக் கதை கம்பராமாயணம். பாடுவது கம்பன் பாட்டு, நடத்துகிறவர்களுக்குப் புலவர் என்றே பெயர். கோயிலைப் பொறுத்து 7, 14, 21, 41 இரவுகள். தாரிகன் என்ற அசுரனோடு சண்டையில் இருந்ததால் ராம ராவண யுத்தத்தைப் பார்க்க முடியாமல் போன பத்ரகாளிக்காக நடத்துவதாக ஐதீகம்.

ஆக இது தொடர்கதை. ஆனால் நடு இரவில் எழுந்து போய்ப் பார்க்கிறவருக்குக் கதை தெரியாமல் போவதே இல்லை, ராமாயணம்தானே. அதனால் புலவருக்கு அவசரம் கிடையாது. ஒரு பாட்டை எடுத்தால் அதற்கு உரை, உரைக்குள் ஒரு கிளைக்கதை, பொம்மைகளுக்குள் ஒரு வாக்குவாதம் என்று போவார். சில இரவுகளில் கீழே மனுஷர் யாருமே இருக்க மாட்டார்கள், அம்மன் மட்டும் பார்ப்பாள். டிஆர்பி கவலை இல்லாத ஒரே தொடர் இதுதான்.

அமெரிக்கத் தொடர்கள் முன்பு ஒருநாள் கதையாக இருந்து இப்போது ஏன் நீளக் கதையாகிவிட்டன?

முன்பு ஒருநாள் கதையாக இருந்ததற்கு மறுஒளிபரப்புதான் காரணம். அங்கே ஒரு தொடர் நூறு எபிசோடைத் தொட்டால் உள்ளூர் நிலையங்களுக்கு விற்கலாம், உண்மையான லாபம் அதில்தான் என்று ஒரு கணக்கு இருந்தது. வாங்கும் நிலையம் எந்த எபிசோடை எந்த நாளில் வேண்டுமானாலும் போடும், ஆகவே வரிசை முக்கியமில்லாத கதை வேண்டும். 1981இல் ‘ஹில் ஸ்ட்ரீட் புளூஸ்’ போன்றவை ஒரு எபிசோடுக்குள் பல கதைகளை அடுத்த வாரத்துக்கும் இழுத்துச் சென்று அந்தப் பழக்கத்தை உடைத்தன. பிறகு டிவிடி, அப்புறம் ஸ்ட்ரீமிங். தவறவிட்ட எபிசோடை எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம் என்றானதும் பயம் விட்டுப்போயிற்று.

வேடிக்கை என்னவென்றால், நீளக் கதைக்குப் பேர்போன ‘பிரேக்கிங் பேட்’ தொடரில் 2010இல் வந்த ஒரு எபிசோட் கிட்டத்தட்ட முழுக்க ஒரே ஆய்வுக்கூடத்தில் நடக்கிறது. இரண்டு பேர், ஒரு ஈ. பட்ஜெட்டை மிச்சம்பிடிக்க எடுத்தது. அதிலும் கதை பெரிதாக நகரவில்லை. ஆனால் ஈயை அடிக்க வேண்டும் என்று அந்த ஆளுக்கு அன்றைக்கு ஒரு வேலை இருக்கிறது. அதைச் செய்கிற சாக்கில் சொல்லக் கூடாத ஒன்று வாயில் வந்துவிடுமோ என்று நாம் நகம் கடிக்கிறோம். நம் ஹால் சீன்களும் அதே செலவில் எடுப்பவைதானே.

நடிகர் மாறினால் கதை கெடாதா?

‘இவருக்குப் பதில் இவர்’ என்று எழுத்துப் போடுவார்கள், இரண்டு நாளில் பழகிவிடும். ஆனால் எல்லா இடத்திலும் அப்படி இல்லை. 2023 செப்டம்பரில் மாரிமுத்து காலமான பிறகு ‘எதிர்நீச்சல்’ தொடரின் ஆதி குணசேகரனாக வேல. ராமமூர்த்தி வந்தார். அவரும் கனமான நடிகர்தான். இருந்தாலும் அந்தப் பாத்திரம் வீட்டுக்கு வீடு ஒரு ஆளாகவே ஆகியிருந்தது, ஜனங்களுக்கு ஆறவில்லை.

இரண்டு தொடரைச் சேர்த்து மகா சங்கமம் போடுகிறார்களே, அது?

கல்யாண வீட்டில் இரண்டு குடும்பத்தையும் நிற்க வைத்து எடுக்கும் விளம்பரம். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

நீளத் தொடர்களின் முடிவு ஏன் இப்படிக் கேவலமாக இருக்கிறது?

‘பரஸ்பரம்’ தொடரைத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஐந்து வருஷம் வீட்டுச் சண்டையும் போலீஸ் வேலையுமாக ஓடிய கதையில், கடைசி நாளில் கேப்ஸ்யூல் வெடிகுண்டு வந்து, நாயகனும் நாயகியும் படகில் போய் வெடித்துச் சிதறினார்கள். கேரளமே சிரித்தது, தமிழ்ப் பக்கமும் அந்தக் கிளிப் வந்து சேர்ந்தது. முடிவை யோசித்து வைக்காமல் தொடங்கி, நிறுத்தச் சொன்ன பிறகு யோசித்தால் வெடிகுண்டுதான் மிஞ்சும். ஒருநாள் கதை எழுதுகிறவர் தினமும் முடித்துப் பழகியவர். அவரிடம் முடிவு எழுதச் சொன்னால் இந்தத் திண்டாட்டம் வராது.

வெப் சீரிஸில் இந்தச் சிக்கல் தீர்ந்துவிட்டதா?

பாதி. 2022இல் வந்த ‘சுழல்’ எட்டு எபிசோட், 2023இல் வந்த மலையாளத்தின் ‘கேரளா கிரைம் ஃபைல்ஸ்’ ஆறு. முடிவு தெரிந்து தொடங்குகிறார்கள், அது பெரிய நிம்மதி. ஒரு வழக்கு, ஒரு சீசன், தீர்ந்தது என்ற ஏற்பாடும் பொருத்தமானது. ஆனால் பல வெப் தொடர்களில் இரண்டரை மணி நேரப் படத்தைத் துண்டு போட்டு வைத்தமாதிரி இருக்கிறது. நான்காம் எபிசோடில் என்ன நடந்தது என்று கேட்டால், பார்த்தவருக்கே சொல்லத் தெரியாது.

வயதானவர்களுக்கு எது தோது?

அவர்களையே கேளுங்கள். மறதி வந்தவர்களுக்கு ஒருநாள் கதை நல்லது என்று நினைத்து ‘மறிமாயம்’ போட்டுக் கொடுத்தால், “என்ற தொடரைப் போடு” என்று ரிமோட்டைப் பிடுங்குகிறவர்களும் உண்டு. தெரிந்த முகங்கள் தினமும் வர வேண்டும் அவர்களுக்கு.

நான் எழுதப் போகிறேன். எதில் தொடங்க?

ஒருநாள் கதையில். மெகா தொடரில் வேலை கிடைத்தாலும் அங்கே கதை ஒருவர், திரைக்கதை ஒருவர், வசனம் ஒருவர் என்று பிரிந்திருக்கும். புதிதாகப் போகிறவர் கையில் ஒன்லைன், அதாவது சீனின் சுருக்கம், வரும், வசனம் எழுதித் தர வேண்டும். முழுதாக ஒன்றை முடிக்கும் பழக்கம் அங்கே வராது, வெளியிலேயே பழகிக்கொண்டு போங்கள்.

எங்கள் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பயிற்சி: வேலந்தாவளம் செக்போஸ்ட், ஒரு தக்காளி வண்டி, ஒரு பேப்பர் குறைகிறது. இருபது நிமிடம், நான்கு பேருக்கு மேல் கூடாது. யாரும் செத்துப்போகக் கூடாது, யாருக்கும் ரகசியக் குழந்தை இருக்கக் கூடாது. முதலில் முணுமுணுப்பார்கள். பிறகு ஒரு பெண் எழுதினாள்: டிரைவருக்குத் தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும், ஃபாரம் மலையாளத்தில். அதை நிரப்பிக் கொடுக்கிற டீக்கடைக்காரர் தன் பழைய பாக்கியையும் அந்த நேரம் பார்த்து எடுத்துவிடுகிறார். தக்காளி வெயிலில் கிடக்கிறது. அது ஒரு எபிசோட். அதே டீக்கடைக்காரரை அடுத்த எபிசோடில் கொண்டுவந்து, பாக்கி இன்னும் இருக்கிறது என்று வைத்தால் நீளக் கதைக்கு வழி திறந்தாயிற்று. வலிந்து திறக்க வேண்டியதில்லை.

எழுதியது தேறுமா என்று எப்படிப் பார்ப்பது?

முன்கதை எதுவும் சொல்லாமல், வீட்டில் தினமும் சீரியல் பார்க்கும் ஒருவருக்குப் படித்துக் காட்டுங்கள். மறுநாள் காலையில், “நேற்று என்ன ஆச்சு?” என்று கேளுங்கள். “அந்த டிரைவர் தக்காளியை ரோட்டிலேயே வித்துட்டுப் போயிட்டான்” என்கிறமாதிரி ஒரு வரி வந்தால் வைத்துக்கொள்ளுங்கள். “என்னமோ பேசிக்கிட்டே இருந்தாங்க” என்றால் திரும்ப எழுதுங்கள்.